இடது பக்கத்து இரண்டு பூட்டுகள்

அடையாள அட்டையில் சவரிநாதன் என்று இருக்கும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் நாதன் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இருபத்தெட்டு வருடமாகப் பெட்டி இழுக்கிறவர். பெட்டி என்று நாங்கள் சொல்வது நாற்பதடி நீளக் கொள்கலனை. கப்பலில் வந்து இறங்குவதை லோரியில் ஏற்றி, நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற பாசிர் கூடாங் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பிழைப்பு. நான் தயாளன். அவருக்கு ஒன்பது வயது இளையவன். பதினாறு வருடமாக அவர் லோரிக்குப் பின்னால்தான் என் லோரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். இரண்டும் சேர்ந்து அந்த மனுஷனை ஒரு நாள் காலையில் கொல்லப் பார்த்தன.

கடலுக்கு இந்தப் பக்கம் தீவில், டத்தோ கிராமாட்டில் இருவருக்கும் ஒரே அடுக்குமாடி. அவர் நான்காவது மாடி, நான் இரண்டாவது. விடிந்ததும் மோட்டாரைக் கிளப்பி, மோட்டாரோடு ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவோம். ஃபெரியில் அவர் உட்கார மாட்டார். உட்கார்ந்தே சாகப்போகிறவனுக்கு இது ஒன்றுதான் நிற்கக் கிடைத்த நேரம் என்பார். தன் லோரிக்குள் செருப்போடு யாரையும் ஏறவிட மாட்டார். எதிரே புனித அன்னம்மாள் படம், இருக்கைக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் கோப்பி, மடியில் கொறிக்கக் குவாச்சி விதை. இங்கிருந்து ஜொகூர் வரை எந்த ஓய்விடத்துக் கழிவறையில் தண்ணீர் வரும், எதில் வராது என்று அவரைக் கேட்டுத்தான் மற்ற ஓட்டுநர்கள் அடக்கிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் நின்று பாடுவார். வீட்டுக் கட்டிலில்தான் அவருக்குத் தூக்கம் வராது. இன்ஜின் சத்தம் இல்லாமல் மனுஷன் எப்படித் தூங்குவான் என்று கேட்பார். நாங்களும் சிரிப்போம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அப்போது யாருக்குத் தெரிந்தது?

பெட்டியை லோரியின் மேல் இறக்கியதும் நான்கு மூலையிலும் பூட்டுப் போட வேண்டும். கீழே ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருகினால் மேலே இருக்கிற இரும்புக் கொண்டை பெட்டியின் மூலைக்குள் திரும்பிக் கவ்விக்கொள்ளும். ஓட்டுகிறவன்தான் நான்கையும் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. நானும் அவரும் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அவர் வண்டிக்கு வலது பக்கம் இரண்டை அவர் போடுவார், இடது பக்கம் இரண்டை நான் போடுவேன். பிறகு என் வண்டிக்கும் அதே மாதிரி. நாற்பதடிப் பெட்டியைச் சுற்றி நடப்பது மிச்சம். "போட்டியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். "போட்டேண்ணே!" என்று நான் கத்துவேன். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் சுற்றி வந்து பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அந்தக் கத்தல்தான் நின்றுபோனது. பன்னிரண்டு நாளாக அவரும் நானும் பேசவில்லை.

காரணம் இதுதான். தாப்பாவுக்குப் பக்கத்தில் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவர் லோரி மெல்ல மெல்ல இடது கோட்டைத் தாண்டியது, சட்டென்று திரும்பி வந்தது. மூன்று தடவை. அடுத்த ஓய்விடத்தில் கேட்டேன். காற்றுடா என்றார். மரத்தில் ஓர் இலை அசையவில்லை, காற்றாம்! ஆபிசில் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். ஊருக்குத் திரும்பியதும் நான்காவது மாடி ஏறி அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அண்ணி அழுது, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு அவரை இழுத்துக்கொண்டுபோய் மெழுகுவர்த்தி ஏற்றி, சத்தியம் வாங்கியிருக்கிறார்: நேரத்துக்குத் தூங்க வேண்டும், வண்டி ஓடும்போது கைப்பேசியைச் சத்தமில்லாமல் செய்து டிராயரில் போட்டுவிட வேண்டும். மறுநாள் ஃபெரியில் என்னிடம் வந்தார்.

"நான் தூங்கல. நீ பொய் சொல்லிருக்க. என் வீட்டுல போயி பொய் சொல்லிருக்க. இனிமே என்கிட்ட பேசாதலா."

"நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேண்ணே!"

"உன் கண்ணைப் போயி டெஸ்ட் பண்ணு."

எனக்கு வந்ததே கோபம். நல்லது செய்யப்போய்ப் பொய்யன் பட்டமா? சரி, போங்கள், நீங்களாயிற்று உங்கள் லோரியாயிற்று என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் தன் கைப்பேசியில் என் எண்ணை பிளாக் பண்ணி அடைத்து வைத்துவிட்டார். ஆனால் வேலை வேலைதானே. காலையில் பெட்டி ஏற்றியதும் அவர் வலது பக்கம் போவார், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இடது பக்கம் போய்ப் பூட்டைப் போடுவேன். ஊமைகள் மாதிரி பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது.

பன்னிரண்டாவது நாள் காலை எட்டரை மணி. அவர் லோரியில் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே காகித உருளைகள், ஆள் உயரத்துக்கு மேலே, நிற்கவைத்து அடுக்கியவை. இருபது டன். நான் இடது பக்கம் போய்க் குனியப் போனேன். அந்த நேரம் பார்த்து ஹரீஷ் கூப்பிட்டான். வண்டிகளை அனுப்பிவைக்கிற அதிகாரி, முப்பத்திரண்டு வயது, குரல் மட்டும் அறுபது வயதுக்காரன் மாதிரி.

"தயாளன் அண்ணே! உங்க வண்டி பின் டயர் உக்காந்துருச்சு, சீக்கிரம் வாங்க!"

போனேன். பூட்டில் கை வைக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், "அண்ணே, நான் போடல, பார்த்துக்குங்க" என்று ஒரு கத்தல் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஏன் சொல்ல வேண்டும், நான்தான் பொய்யனாயிற்றே, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விழுங்கிவிட்டேன். அவருக்கு நான் இடது பக்கத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் "போட்டியா?" என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் பார்த்திருப்பார் என்று நான் போனேன், நான் போட்டிருப்பேன் என்று அவர் போனார்.

டயர்காரன் வேலையைத் தொடங்கியதும் நூர்ஜான் அக்கா கடையில் பசியாற உட்கார்ந்தேன். ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைத்தேன். இரண்டாவது துண்டைப் பிய்க்கும்போது என் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பூட்டுக் கைப்பிடி முழுக்கக் கிரீஸ் அப்பியிருக்கும். தினமும் அக்காவிடம் சோப்புத்தூள் வாங்கிக் கை கழுவாமல் நான் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை. இன்று கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன், விரல் நுனிகூடக் கறுக்கவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூடச் சுற்றி வந்து பார்க்காதவர், இன்று மட்டும் பார்த்திருப்பாரா?

"அலமாக்," என்றேன். ஐயோ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

இடது பக்கம் பூட்டு இல்லாத பெட்டி என்ன செய்யும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நேர்ச் சாலையில் ஒன்றும் செய்யாது. இடது பக்கம் திரும்புகிற வளைவில் பெட்டி வலது பக்கம் சாயும். இடது பக்கப் பூட்டுதான் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் பெட்டி இடது பக்கம் எழும்பும். வேகம் கூடினால் லோரியையும் இழுத்துக்கொண்டு கவிழும். கவிழ்கிற பக்கம் கார்கள் முந்திப் போகிற பக்கம். பிள்ளைகுட்டியோடு போகிறவர்கள். சங்காட் ஜெரிங் தாண்டியதும் மலை தொடங்கும், மெனோரா சுரங்கம் வரைக்கும் ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான். அதற்கு முன்னால் அவரை நிறுத்தியாக வேண்டும்.

என் கைப்பேசியில் அடித்தேன். அடைத்து வைத்த எண், போகவில்லை. நூர்ஜான் அக்காவின் கைப்பேசியைப் பிடுங்கி அடித்தேன். மணி போனது, போனது, நின்றது. டிராயருக்குள் கிடந்து மின்னிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தியத்துக்கும் நான்தான் காரணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உடனே நான் ஆபிசுக்கு ஓடவில்லை. ஏழெட்டுத் தடவை அக்கா கைப்பேசியிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். ஹரீஷிடம் சொன்னால் தப்பு யாருடையது என்று கேட்பான், வேலை போகும் என்ற பயம். பத்து நிமிடம் அப்படிப் போனது. பத்து நிமிடத்தில் லோரி பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"என்னா தயாளா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் நூர்ஜான் அக்கா.

"நாதன் அண்ணன் பெட்டிக்கு நான் லாக் போடலக்கா."

"அப்ப இங்க நின்னு என் போனை ஏன் தடவிக்கிட்டு இருக்க? போயி சொல்லுலா, மடையா!"

ஓடினேன்.

ஹரீஷ் என்னைத் திட்டவில்லை, நேரமில்லை. கணினியைத் திருப்பினான். திரையில் ஒவ்வொரு லோரியும் ஒரு பச்சைப் புள்ளி. நாதன் அண்ணனின் புள்ளி குனோங் செமாங்கோல் ஓய்விடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வேகம் எழுபத்தெட்டு.

"இங்க நிப்பாரு," என்றேன். "எப்பவும் இங்க நிப்போம். இறங்கினா போனைப் பார்ப்பாரு."

எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. புள்ளி ஓய்விடத்தைத் தாண்டிப் போய்விட்டது. எப்போதும் என்னோடுதானே நிற்பார். தனியாகப் போகிறவர் எதற்கு நிற்கப் போகிறார்?

ஹரீஷ் நெடுஞ்சாலை உதவி எண்ணுக்கு அடித்தான். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள், ஆனால் இருக்கிற வண்டி எதிர்ப்பக்கச் சாலையில், அடுத்த வழியில் திரும்பி வர வேண்டும். ஹரீஷ் கம்பெனி வேனின் சாவியை எடுத்தான். நான் பக்கத்தில் ஏறினேன். வடக்கில் ஓட்டுகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு வாட்சாப் குழு உண்டு, இருநூறு பேருக்கு மேல். எங்கே போலிஸ் நிற்கிறான், எங்கே விபத்து என்று குரல்செய்தி போடுவோம். அதில் என் வாயாலேயே பேசினேன்.

"நான் தயாளன். நாதன் அண்ணன் லோரி, வண்டித் தலை வெள்ளை, பெட்டி சிவப்பு, தெற்கே போவுது, இப்ப செமாங்கோல் தாண்டிருச்சு. இடது பக்கம் ரெண்டு லாக்கும் போடல. நான்தான் போடணும், போடல. என் தப்பு. அவருக்குத் தெரியாது, போனை எடுக்க மாட்டாரு. அந்தப் பக்கம் யாராச்சும் இருந்தா நிப்பாட்டுங்கடா. கும்புட்டுக் கேக்குறேன்."

இருநூறு பேர் முன்னால் துணியை அவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்றும் இருந்தது.

ஹரீஷ் நூற்றிருபதில் போனான். எனக்கு அது நத்தை வேகமாகத் தெரிந்தது. "மிதிப்பா! மிதி!" என்று கத்தினேன். "நம்ம ரெண்டு பேரும் செத்தா அவரை யாரு நிப்பாட்டுறது?" என்று அவன் திருப்பிக் கத்தினான். ஆபிஸ் திரையில் பார்த்த அதே புள்ளி ஹரீஷின் கைப்பேசியிலும் ஓடியது, கமுண்டிங்கை நெருங்கியது. அப்போது ஒரு குரல்செய்தி.

"அண்ணே, நான் அஸ்லான், சிமெண்ட் லோரி. கமுண்டிங்ல இப்பத்தான் ஹைவே ஏறினேன். உங்க சிவப்புப் பெட்டி என்னைத் தாண்டிப் போவுது. லைட் அடிச்சேன், ஆர்ன் அடிச்சேன், அவரு கையைக் காட்டிட்டுப் போயிட்டாரு. வணக்கம் சொல்றேன்னு நெனச்சிட்டாரு போல. பிடிச்சிடுறேன். என் வண்டி ஃபுல் லோடு அண்ணே, கொஞ்சம் டைம் ஆவும்."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"அண்ணே... பெட்டி தூக்குது அண்ணே. வளைவுல இடது பக்கம் தூக்கிட்டு உக்காருது. நான் பார்த்தேன்."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன், அன்னம்மாளையும் சேர்த்து. புள்ளியின் வேகம் எழுபத்தைந்து. சங்காட் ஜெரிங்குக்கு ஐந்து கிலோமீட்டர். அறுபது. நாற்பத்தொன்று. இருபத்திரண்டு. பூஜ்யம்.

ஹரீஷ் என்னைப் பார்த்தான். நின்றாலும் பூஜ்யம்தான், கவிழ்ந்து கிடந்தாலும் பூஜ்யம்தான். அஸ்லானுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எதிர்ப்பக்கச் சாலையில் ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அது வடக்கே போகிறது, இதற்கில்லை என்று புத்திக்குத் தெரிந்தாலும் அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் என்ன சொல்வேன்? அந்த நான்காவது மாடிப் படியை எப்படி ஏறுவேன்? நாலு நிமிடம். பதினாறு வருடத்தில் இவ்வளவு நீளமான நாலு நிமிடத்தை நான் ஓட்டியதில்லை.

"அண்ணே, அஸ்லான். நின்னுட்டாரு. முன்னால போயி கொஞ்சம் கொஞ்சமா ஸ்லோ பண்ணி ஓரம் கட்ட வெச்சிட்டேன். பெட்டி மேலதான் இருக்கு. மனுஷன் முழுசா இருக்காரு."

ஹரீஷ் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். அவன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, "சீட்ல உக்காருங்கண்ணே, கண்ணு தெரியல எனக்கு," என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அஸ்லான் கிளம்பிப் போயிருந்தான். அவன் சிமெண்டுக்கும் நேரம் இருக்கிறதே. நெடுஞ்சாலை உதவி வண்டி ஒன்று பின்னால் விளக்கு மின்ன நின்றது. இடது பக்கப் பூட்டு இரண்டும் போட்டிருந்தது, அவரே போட்டிருக்கிறார். நாதன் அண்ணன் சாலையோரத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒரு பக்கம் சிவந்து கிடந்தது. அடிவாங்கத் தயாராகப் போனேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, நான்தாண்ணே. நான் லாக் போடல. சொல்லவும் இல்ல. வேணும்னே சொல்லாம போனேண்ணே. என்னை ரெண்டு அறை விடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"கமுண்டிங் தாண்டி அந்த வளைவு இருக்குல்ல, அங்க தூக்குச்சு. ஸ்டீரிங் லேசாயிருச்சு."

"லாக் இல்லாததுனாலண்ணே."

"இப்ப தெரியுது. அப்ப எனக்கு என்னா தோணுச்சு தெரியுமா? தூங்கிட்டேன்னு தோணுச்சு. கன்னத்துல அடிச்சிக்கிட்டேன். கண்ணாடியில பார்த்தேன், கண்ணு தொறந்துதான் இருக்கு. அதுக்கு ஒரு செகண்டு முன்னால தொறந்திருந்துச்சா? தெரியலடா. அடுத்த வளைவுல மறுபடி தூக்குச்சு, மறுபடி அடிச்சிக்கிட்டேன். அந்தப் பையன் முன்னால வந்து லைட்டு போட்டப்பகூட, நான் தூங்கி வழியிறதைப் பார்த்துட்டுத்தான் நிப்பாட்டுறான்னு நெனச்சேன்."

"நீங்க தூங்கலண்ணே! பெட்டி தூக்கினதை அஸ்லான் கண்ணால பார்த்தான்! எல்லாம் என் தப்பு, நீங்க தூங்கல!" என்று கத்தினேன். என் குற்றத்தைச் சொல்வதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அது அவரைக் காப்பாற்றுகிறதே!

"இன்னைக்குத் தூங்கல," என்றார். பிறகு ஹரீஷ் பக்கம் திரும்பினார். "தாப்பால தூங்கினேன், தம்பி. இவன் மூணு தடவை பார்த்தான். மொத்தம் அஞ்சு தடவை. அதுக்கு முன்னாலயும் உண்டு. இவனைத்தான் பொய்யன்னு சொல்லிட்டேன்."

ஹரீஷ் அவர் பக்கத்தில் போய் நின்றான். "டாக்டரைப் பார்ப்போம்ணே. ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பேசிக்கலாம்லா."

"பார்க்கிறேன். ஆனா பெட்டி ஆடினா ஒரு டிரைவருக்கு லாக் போச்சுன்னு தோணணும். எனக்கு நான் போயிட்டேன்னு தோணுச்சு. அப்படித் தோணுறவன் இருபது டன்னை இழுத்துக்கிட்டு ரோட்டுல இருக்கக் கூடாது, தம்பி."

சொல்லிவிட்டு லோரி சாவியை அவன் கையில் வைத்தார். வேண்டாம் அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால்தான் அது பொய். ஆனாலும் நெஞ்சு எரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்து அவரைக் கொல்லப் பார்த்தவன் நான். சாவியைக் கொடுத்தவர் அவர்.

உங்கள் மேல் சாயங்காலம் அறிக்கை எழுதுவேன், வருவது வரட்டும், இப்போது இந்த இடத்தில் வேறு ஓட்டுநர் இல்லை என்று சொல்லி ஹரீஷ் சாவியை என்னிடம் நீட்டினான். நான்கு பூட்டையும் அவனே சுற்றி வந்து குலுக்கிப் பார்த்தான். நாதன் அண்ணன் லோரியில் ஏறி, ஒரு பையில் தன் துணியையும் பாட்டுப் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு இறங்கினார். வேனின் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். இருக்கை வார்ப்பட்டையை எந்தப் பக்கம் தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, கை வலது பக்கமே துழாவியது. நான் இழுத்துப் போட்டுவிட்டேன்.

ஹரீஷ் இன்ஜினைக் கிளப்பி, சாலையில் இடைவெளிக்காகப் பார்த்தான். பின்னாலிருந்து ஒரு பஸ் வேகமாக வந்தது. பஸ் தாண்டிப் போகும்வரை நாதன் அண்ணனின் வலது கால், கீழே பிரேக் ஒன்றுமில்லாத தரை விரிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.